ஒரு மஞ்சள் பல்

என் மச்சான் வாயில் இருப்பது பல் அல்ல, செட். படுக்கும்போது பல்லைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டுத் தூங்குகிற மனிதரை நான் எப்படி மதிப்பது? பார்க்கும்போதெல்லாம், "என்ன மச்சான், பல்லு வந்திருக்கா, இல்ல வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். மச்சானும் சிரிப்பார். அவர் தங்கை, அதாவது என் மனைவி, மட்டும் சிரிக்கமாட்டாள்.

மச்சான் புது வீடு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் விருந்து.

"அங்க வந்து அண்ணன் பல்லைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது," என்றாள் மனைவி.

"உண்மையைச் சொன்னா உங்க குடும்பத்துக்கு ஏன் கசக்குது? என்னைப் பாரு. முப்பத்திரண்டும் சொந்தம்."

"சொந்தம்தான். ஆனா மஞ்சளா இருக்கே."

எனக்குச் சுரீரென்றது. நான் யார்? பெயிண்ட் கடை மேனேஜர். வெள்ளையில் மட்டும் நாற்பது தினுசு விற்கிறவன். என் வாய் மஞ்சளா? பல்லை வெளுக்க வைப்பதென்று அன்றே முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை என் சிரிப்பைப் பார்த்து மச்சானின் செட் கழன்று விழவேண்டும்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். முப்பத்திரண்டு இல்லை, முப்பத்தொன்றுதான். கல்யாணத்துக்கு முன்னால் நண்பர்களிடம் வீரம் காட்ட, சோடா மூடியைப் பல்லால் திறந்தேன். மூடி அப்படியே இருந்தது. முன்பல் பாதி போய்விட்டது. மிச்சத்தின் மேல் ஒரு கேப் மாட்டி, பக்கத்துப் பற்களின் நிறத்திலேயே வைத்திருக்கிறார்கள். இது மனைவிக்குத் தெரிந்தால், மச்சானை நான் சொன்னதெல்லாம் வட்டியோடு எனக்கே திரும்பி வரும். எனக்கு அந்தப் பயம் உண்டு.

பல் டாக்டரிடம் கிளம்பினால் அவளும் கூடவே கிளம்பினாள். வேண்டாமென்றால் கேட்கிற ஆளா?

டாக்டரம்மா குட்டிக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். கண்ணாடி கேப்பில் வந்து நின்றது.

"இந்த முன்பல்லு..."

நான் பலமாக இருமினேன். கண்ணால் மனைவியைக் காட்டினேன். டாக்டரம்மா மனைவியைப் பார்த்தார். மனைவி மின்விசிறியைப் பார்த்தாள்.

"சரி, பொதுவா சொல்றேன்," என்றார் டாக்டரம்மா. "சொந்தப் பல்லு மட்டும்தான் வெளுக்கும். கேப் இருந்தா அது பழைய நிறத்துலயே நிக்கும். புதுசு மாத்தணும்னா, மத்த பல்லோட நிறம் நிலைக்கிற வரைக்கும், ரெண்டு வாரமாவது பொறுக்கணும். தெரிஞ்சுதானே பண்ணிக்கிறீங்க?"

"டாக்டர், நான் வெள்ளையை வெச்சே பொழைக்கிறவன். நீங்க அடிங்க."

"இது அடிக்கிற வேலை இல்லைங்க. மேல எதையும் பூசமாட்டோம். பல்லுல ஊறியிருக்கிற கறையை மருந்து வெளுக்க வைக்கும், அவ்வளவுதான்."

எப்படியெல்லாம் சுற்றி வளைக்கிறார்கள் பாருங்கள். பழைய சுவர், புதுச் சுவர் என்று ஆள் பார்த்தா பெயிண்ட் ஒட்டுகிறது? இரண்டு கோட் கொடுத்தால் எல்லாம் ஒரே வெள்ளை. எளிய விஷயத்தைச் சிக்கலாக்கத்தான் இவர்கள் வருஷக்கணக்கில் படிக்கிறார்கள்.

ஈறில் மருந்து படாமல் இருக்க எதையோ தடவினார். பல்லில் மருந்தை வைத்தார். நீல விளக்கைக் காட்டினார். "ரொம்பக் கூசினா கையைத் தூக்குங்க," என்றார். உச்சந்தலை வரைக்கும் கூசியது. நான் தூக்கவில்லை. பெயிண்ட் காயும்போது எந்தச் சுவராவது கையைத் தூக்குகிறதா?

"கூச்சம் ரெண்டு நாள்ல போயிடும். அதுவரைக்கும் காபி, டீ, சாயம் ஏறுற எதுவும் வேண்டாம்," என்று சொல்லிக் கைக்கண்ணாடியைக் கொடுத்தார்.

சிரித்தேன். மேல்வரிசை பளீரென்றிருந்தது. அதன் நடுவில் ஒன்றே ஒன்று மஞ்சள். முன்பெல்லாம் கூட்டத்தோடு கூட்டமாக இருந்த பல், இப்போது தெருமுனையில் நிற்பவருக்கும் தெரியும்.

"டாக்டர், இதுக்கு மட்டும் இன்னொரு கோட்..."

"ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. கேப்பை மாத்தலாம்."

விருந்துக்கு இரண்டே நாள்தான் இருந்தது. வாயை இறுக மூடிக்கொண்டு காரை ஓட்டினேன். பாதி வழியில் மனைவி ஆரம்பித்தாள்.

"சோடா மூடியில போன பல்லுதானே அது?"

பிரேக்கை மிதித்துவிட்டேன். "யாரு சொன்னா?"

"அத்தைதான். கல்யாணமான மறு வாரமே சொல்லிட்டாங்க."

"எங்கம்மாவே உன்கிட்ட சொன்னாங்களா? சரி, டாக்டர் அவ்வளவு விளக்கமா சொன்னப்ப வாயைத் திறந்திருக்கலாமே. கேப் இருக்கு, வேண்டாம்னு ஒரு வார்த்தை?"

"சொன்னா நீங்க பண்ணிக்கமாட்டீங்களே."

"ஞாயித்துக்கிழமை நான் வரமாட்டேன். இந்த லட்சணத்துல அத்தனை பேர் முன்னாடி எப்படி வாயைத் திறப்பேன்?"

"ஏன் திறக்கணும்? மூடிக்கிட்டே வாங்க. நான் கேட்டதே அதைத்தானே," என்றாள்.