சவீனோ வீட்டு நாய்

"சவீனோ இன்னிக்கும் ஒரு கூடை டிரஃபிள் கொண்டாந்துட்டான்" என்று காபிக்கடைக்காரர் சொன்னதும், உல்டெரிகோவுக்கு வாயில் இருந்த காபி கசந்தது.

ஓக் மரத்தடியில் மண்ணுக்குள் விளையும் டிரஃபிள் காளானை மோந்து எடுக்க, இத்தாலியின் ரொமாஞ்ஞா மலையில் எல்லாரும் வைத்திருப்பது சுருட்டைமுடி லகோட்டோ நாய்தான். சவீனோவின் மோராவும் உல்டெரிகோவின் பெப்பாவும் ஒரே ஈற்றில் பிறந்தவை. ஆனால் பெப்பா ஓக் மரத்தடிக்குப் போனதும் சுருண்டு படுத்துக் குறட்டை விடும்.

"அவன் எங்கே தோண்டுறான்னு மட்டும் தெரிஞ்சா போதும்" என்று புழுங்கினார் உல்டெரிகோ.

மச்சானின் வேட்டைநாயை இரவல் வாங்கி, சவீனோ கடையில் மறந்துவைத்த தொப்பியை அதற்கு மோப்பம் காட்டினார். நாய் ஒழுங்காகத்தான் கிளம்பியது. வழியில் ஒரு முயல் குறுக்கே ஓடியது. முயல் பிடிக்கப் பிறந்த சாதி. திராட்சைத் தோட்டம், முள்வேலி எல்லாம் இழுத்துக்கொண்டு போய் அவரை ஓடையில் தள்ளியது. தூக்கிவிட்டவன் சவீனோ.

"என்னப்பா, குளிக்க வந்தியா? துணியக் கழட்டிட்டுக் குளிக்கக் கூடாதா?"

அதற்குப் பிறகு, தன்னுடைய ஓக் தோப்பில் புகுந்துதான் சவீனோ திருடுகிறான் என்று உல்டெரிகோ முடிவே கட்டிவிட்டார். ஓநாயிடமிருந்து ஆடு காக்கும் வெள்ளை மரெம்மா நாய் ஒன்றை மேய்ப்பரிடம் வாங்கித் தோப்பில் விட்டார். அது தோப்பையே மந்தையாக நினைத்துக்கொண்டது. மறுநாள் உல்டெரிகோ கால் வைத்ததும் அவருடைய கால்சட்டையில் பாதியைக் கிழித்து வைத்துக்கொண்டது. சோறு போடும் மனைவி நீவெஸை மட்டும் உள்ளே விட்டது.

"பெப்பாவ நான் வேணா கூட்டிட்டுப் போய்ப் பாக்கட்டுமா?" என்றாள் நீவெஸ், கால்சட்டையைத் தைத்தபடி.

"டிரஃபிள் தோண்டுறது பொம்பளை வேலையா? ஊரு சிரிக்கும். நீ பாஸ்தாவுக்கு மாவு பிசை."

"சரி" என்றாள் அவள்.

சவீனோவின் கூடை மட்டும் நிறைந்துகொண்டே இருந்தது. கடைசியில் மானத்தை விட்டு, உல்டெரிகோ அவன் வீட்டுக்கே போனார். சவீனோ இல்லை. அவன் மனைவி டீனா வாசலில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். மோரா வாத்துக் குட்டையில் நீந்திக்கொண்டிருந்தது.

"டீனா, சுத்தி வளைக்காம கேக்குறேன். மோராவ எனக்குக் கொடுத்துடுங்க. பதிலுக்கு என் பெப்பாவையும், ஓக் தோப்புல பாதியையும் எடுத்துக்குங்க. வயித்தெரிச்சல்ல தூக்கமே வரல."

டீனாவின் கை நின்றது. அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"மோரா மூக்குக்கு வாத்தைத் தவிர எதுவும் தெரியாது அண்ணே. உங்க நீவெஸ்தான் விடியுறதுக்கு முன்ன பெப்பாவக் கூட்டிட்டுப் போய்த் தோண்டி, எங்க வீட்டுக்காரர்கிட்ட வித்துட்டுப் போறா."