நாலு பேர் புக்கிங்

வாசலில் மணவறைக்குப் பூச்சரம் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் நாகலூர்க் காளியண்ணனின் போனுக்கு அந்தச் செய்தி வந்தது. நாலு பேர், இன்று காலை வருகை, ஓர் இரவு.

"மல்லிகா, புக்கிங்க மூட மறந்துட்டோம்" என்றார் மனைவியிடம், பாதிக் குரலில்.

"மறந்தது நீங்க. என்னை எதுக்குங்க சேத்திக்கறீங்க?"

மாடியறை இரண்டையும் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டுத்தான் காளியண்ணன் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஊருக்கே தெரியும், சேலத்து மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டும்தான் தெரியாது. மகள் சிவசக்தியைப் பெண் கேட்டு வந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா பார்வதி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார்: "கண்டவங்க வந்து தங்கிப் போற எடத்துல எம்பையன் தாலி கட்ட மாட்டான். குடும்பம் பொழங்கற ஊடா இருக்கோணும்."

"எங்க ஊட்டுல வெளியாளு தண்ணி கூடக் குடிச்சதில்லீங்க" என்று காளியண்ணன் கூசாமல் சொன்னார். ஹோம்ஸ்டே பலகை அன்று மாலையே கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

வரவேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. ஏற்கெனவே இரண்டு முறை ரத்து செய்தாயிற்று. மூன்றாவது முறை என்றால் புக்கிங் கம்பெனிக்காரர்கள் பட்டியலில் இருந்தே தூக்கிவிடுவார்கள்.

ஏழு மணிக்குப் பனிக்குள்ளிருந்து ஒரு கார் முளைத்தது. மங்கி குல்லாவும் ஸ்வெட்டருமாக ஓர் ஆள், அவர் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். இறங்கியதும் இறங்காததுமாக மிளகுக் கொடியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சந்தேகமே இல்லை.

"நாலு பேருங்களா?"

"நாலே பேருதானுங்க. மூஞ்சி கழுவ ரூம் கெடைக்குங்களா?"

"ரெடியா இருக்குதுங்க. ஒண்ணே ஒண்ணு. இன்னைக்கு ஊட்டுல கல்யாணம். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கண்ணுல மட்டும் நீங்க பட்டுரக் கூடாது. யாராச்சும் கேட்டா, ஊரு பக்கத்துல கொட்டச்சேடு, பொண்ணுக்கு ஒறவுன்னு சொல்லிருங்க."

அந்த ஆள் மனைவியைப் பார்த்தார். பிறகு காளியண்ணனைப் பார்த்தார். "இது முறைங்களா?"

காளியண்ணனுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் கும்பிட்டார். "எங்க மலையில இதுதானுங்க முறை. கோவிச்சுக்காதீங்க."

"இதுல கோவமென்னங்க, முறைன்னா செஞ்சரலாம்" என்று அவர் சிரித்துக்கொண்டே காரைச் சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு மாடியேறினார். இத்தனை தங்கமான சுற்றுலாக்காரரைக் காளியண்ணன் கண்டதில்லை.

எட்டரைக்கு மாப்பிள்ளை வீட்டு பஸ் வந்தது. பார்வதி இறங்கிய வேகத்தில், "சீர்த்தட்டெல்லாம் மாடியில வெச்சுக்கறேன் சம்பந்தி" என்று படியில் கால் வைத்தார். காளியண்ணன் வீட்டைச் சுற்றி ஓடி, பின்படி வழியாக நாலு பேரையும் இறக்கிச் சமையல் பந்தலில் உட்கார வைத்தார்.

அங்கே டீக்கு வந்திருந்தார் பஸ் டிரைவர். "எந்த ஊருங்க?"

"கொட்டச்சேடு. பொண்ணுக்கு ஒறவு" என்றார் குல்லாக்காரர், பாடம் ஒப்பிப்பதுபோல.

"அட, நானும் பொறந்தது கொட்டச்சேடுதானுங்க. நீங்க யாரூடு?"

காளியண்ணன் பாய்ந்தார். "அவரு மௌன விரதங்க."

"இப்பத்தானுங்க பேசினாரு."

"மறந்து பேசிட்டாரு. இனிமேப் பேச மாட்டாரு."

டிரைவர் டம்ளரை வைத்துவிட்டுப் போகும்வரை குல்லாக்காரர் உதட்டை இறுக்கிக்கொண்டு, உத்தரவு கேட்பதுபோலக் காளியண்ணனையே பார்த்தார். இனி பந்தலும் ஆகாது. பின்னால் காபி மூட்டை அடுக்கிய கிடங்கு இருந்தது. நாலு பேரையும் உள்ளே விட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டு, கேசரி நாலு தட்டு ஜன்னல் வழியாகக் கொடுத்தார். இனிமேல் நிம்மதி.

நிம்மதி கால் மணி நேரம் நீடித்தது.

"எந்தம்பி வராம எம்பையன் மணவறை ஏற மாட்டான்" என்று பார்வதி முன்னால் வந்து நின்றுகொண்டார். "தாய்மாமன் கைபிடிச்சுக் கூட்டியாராம எங்கூட்டுல ஒரு கல்யாணம் நடந்ததில்லீங்க."

"அவரு எங்க வர்றாருங்க?"

"வடக்க போர்வெல் வண்டி வெச்சிருக்கறான். நிச்சயத்துக்குக் கூட வர முடியல. கல்யாணத்துக்கு நேரா இங்கயே வந்தர்றேன்னான். போனப் போட்டா இந்த மலையில லைனே கெடைக்க மாட்டீங்குது."

"முகூர்த்தம் இன்னும் இருவது நிமிஷந்தான்" என்றார் ஐயர்.

மாப்பிள்ளை யுவராஜ் அம்மாவைப் பார்த்தான், மல்லிகா கணவரைப் பார்த்தாள். உள்ளறைக் கதவிடுக்கில் சிவசக்தியின் கண்கள் தெரிந்தன. "அப்பா, எதாச்சும் பண்ணுங்க. அந்தம்மா பஸ் ஏறிருச்சுன்னா அவ்வளவுதான்."

தேடிப் போகலாமென்றால் அந்தப் பாதையில் பஸ்ஸைத் திருப்பவே அரைமணி ஆகும். ஒரு கார் வேண்டும். காளியண்ணனுக்குச் சில்வர் ஓக் மரங்கள் ஞாபகம் வந்தன.

ஓடுகிற வழியில், முதுகில் மூட்டை மூட்டையாகப் பை மாட்டிக்கொண்டு நாலு இளவட்டங்கள் வாசலில் திகைத்து நின்றார்கள். மாப்பிள்ளையின் சிநேகிதர்களாக இருக்கும். "மொதல்ல சாப்புடுங்க சாமி" என்று பந்திப் பக்கம் கை காட்டிவிட்டு ஓடினார். அவர்களும் மறுக்கவில்லை.

கிடங்குத் தாழ்ப்பாளை நீக்கினார். குல்லாக்காரர் காபி மூட்டைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்களத்தான் நம்பி வந்திருக்கறேன், காரு சாவி குடுங்க. மாப்பிள்ளையோட தாய்மாமன் பனியில எங்கயோ வழி தெரியாம நிக்கறாராட்டம் இருக்குது. தேடிக் கூட்டியாரலீன்னா எம்புள்ள கல்யாணமே நின்னுரும்."

குல்லாக்காரர் வாயைத் திறக்கவில்லை. விரதத்தில் உறுதியாக இருந்தார்.

அவர் மனைவிதான் சேலையில் ஒட்டியிருந்த காபித் தொலியைத் தட்டிக்கொண்டே எழுந்தாள். "ஏனுங்கண்ணா, மாமன நீங்களே பூட்டி வெச்சுட்டு நீங்களே தேடறதும் உங்க மலை முறைதானுங்களா?"