புள்ளிக்கோட்டில் ஒரு நேர்வழி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. முழங்கால் நீங்கலாக நான் சௌக்கியம். போனில் பேசினால் என் மகள் குறுக்கே புகுந்து வாயை அடைத்துவிடுவாள் என்பதால் கடிதம்.

பிரசவத்துக்கு முன் உங்கள் அத்தையை அங்கே கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு. அம்மா வராமல் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன் என்று மகள் பிடிவாதம் பிடிப்பது தெரியும். டிக்கெட் மட்டும் நீங்கள் எடுக்கவே கூடாது. விமான நிறுவனத்தின் அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் பிழை திருத்தியவன் நான் இருக்கும்போது அடுத்தவர் எதற்கு? அவர்களுடைய வெளிநாட்டுத் தடங்கள் அத்தனையும் கொண்ட பொன்விழா வரைபடம் எங்கள் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. சில தடங்கள் முழுக்கோடு, சில புள்ளிக்கோடு. புள்ளிக்கோடு என்றால் கூட்டம் குறைச்சல் என்று அர்த்தம். அதனால்தான் உங்கள் ஊருக்கு நேராக வரும் புள்ளிக்கோட்டைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்த நிறுவனத்தின் டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண் அப்படி ஒரு விமானமே இல்லை என்றாள். வேலைக்குப் புதுசு, பாவம். சரி என்று இரண்டு ஊர் சுற்றிப் போகும் இன்னொரு புள்ளிக்கோட்டைக் கேட்டேன், அதுவும் இல்லையாம், மறுநாள் வரைபடத்தையே சட்டத்தோடு கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு போனேன், அங்கே சுழல் கதவில் அது மாட்டிக்கிச்சு, பின்னாடி வந்த பைலட் ஒருத்தர் உள்ளேயும் போக முடியாம வெளியேயும் வர முடியாம நிக்கிறார், நான் விடுவேனா, கண்ணாடி வழியாவே வரைபடத்தைக் காட்டி, "இந்த ரூட்ல நீங்க ஓட்டியிருக்கீங்களா?"ன்னு கேட்டேன். "எங்கப்பா ஓட்டியிருக்கார்"ன்னார். பாத்துக்குங்க, பரம்பரையா ஓடுற ரூட்டு.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னால் உங்கள் அத்தை பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். தங்கை வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பி நாலு நாளாகிறது. கோபம் தணிந்து வருவதற்குள் டிக்கெட் என் கையில் இருக்கும். நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

மகளுக்கு என் ஆசியும், வயிற்றில் இருப்பவருக்கு ஒரு முத்தமும்.

இப்படிக்கு,
தடம் தெரிந்த மாமனார்

பி.கு.: வரைபடத்தைத் திரும்ப மாட்டும்போது சட்டத்தின் பின்னட்டை கழன்று அதே வரைபடத்துக்கு நான் பிழை திருத்திய பழைய அச்சுப்படி ஒன்று விழுந்தது. அடியில் ஒரு வரி: "புள்ளிக்கோடுகள், சேவை நிறுத்தப்பட்ட தடங்கள்." இடம் போதவில்லை என்று சிவப்பு மையில் அடித்திருக்கிறது. கையெழுத்து என்னுடையது. கூட்டம் குறைச்சல் என்று நான் சொன்னதில் மட்டும் தப்பில்லை.

உறையை ஒட்டப் போகிறேன், போன் வருகிறது. உங்கள் அத்தை, உங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து. வேற கம்பெனி விமானத்துல வந்து ரெண்டு நாளாச்சாம், பேத்தி பிறந்து ஒரு மணி நேரமாச்சாம். குழந்தை அழுற சத்தம் கேட்டுது மாப்பிள்ளை, எனக்குத் தாங்கல. எனக்கும் ஒரு டிக்கெட் நீங்களே எடுத்துடுங்க. முழுக்கோடாப் பாத்து.