ஒன்றில்கூட மீசை இல்லை

பிள்ளைகள் வரைந்த படங்களை ஒட்வார் மேசையில் பரப்பிப் பார்த்தான். ஒன்றில்கூட மீசை இல்லை.

"தீயணைக்கிறவங்க ஒருத்தரை வரையுங்க" என்று மட்டும்தான் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தான். சொல்லி வைத்ததுபோல எல்லாரும் பெண்ணையே வரைந்திருந்தார்கள். ஒரு படத்தில் தலைக்கவசத்துக்கு அடியிலிருந்து இரட்டைப் பின்னல் தொங்கியது.

இந்தப் பயிற்சி எப்படி ஓடும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். தீயணைப்பவரை வரையச் சொன்னால் பிள்ளைகள் யோசிக்காமல் மீசைக்கார ஆணைத்தான் வரைவார்கள். அப்போது கதவு திறக்கும். நிஜமான தீயணைப்புப் பெண் ஒருத்தி உடுப்போடு வந்து நிற்பாள். எல்லாரும் வாயடைத்துப் போவார்கள். அந்த மௌனத்தில்தான் விஷயமே இருக்கிறது. 'நாம ஏன் ஆம்பளைன்னே நினைச்சோம்?' என்று ஒருவர் கேட்டால் போதும், மீதிப் பேச்சு தானே ஓடிவிடும். ஆக, யாராவது முதலில் தப்பாக நினைத்தாக வேண்டும். தப்பில்லாவிட்டால் வண்டி நகராது.

நகரவில்லை. பெர்கன் நகரத்திலிருந்து படகேறி வந்திருந்த தீயணைப்புக்காரி தோர்திஸ், பூட்ஸ் முதல் கையுறை வரை முழு உடுப்போடு, பனிச்சறுக்குக் கட்டைகள் அடுக்கிய சாமான் அறையில், வெந்நீர்க் கொதிகலனுக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தாள். கடைசி நாற்காலியில் நகராட்சி அதிகாரி குன்வோர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒட்வாரின் தற்காலிக வேலை நிரந்தரமாகுமா, ஆகாதா என்பது அவர் இன்று பார்க்கப்போவதைப் பொறுத்தது.

"சரி, அது இருக்கட்டும்," என்றான் ஒட்வார். "இப்ப பிரசவம் பார்க்கிறவங்களை வரையுங்க."

இந்த முறை மீசை வந்தது. கூடவே தாடியும் வந்தது.

சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. 'வேர்த்துக் கொட்டுது. வரட்டா?' என்று தோர்திஸ் கேட்டிருந்தாள். 'இன்னும் கொஞ்சம்' என்று மேசைக்கு அடியில் தட்டி அனுப்பினான்.

"நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க," என்றான் பிள்ளைகளிடம். "சட்டுனு வரையணும். கை முந்திக்கணும், மூளை பின்னால வரணும்."

"அப்ப மூளை எதுக்கு ஒட்வார், வாஃபிள் சுடவா?" என்றான் தார்யை. நீண்ட கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்காரும் பையன்.

சட்டென்று வரைந்தார்கள். விமானம் ஓட்டுகிறவர் பெண். பாலர் பள்ளி ஆசிரியர் ஆண். விமானிக்குக் காதுக் கம்மல் போடக்கூட யாரும் மறக்கவில்லை.

ஒட்வார் வேறு வழியில் போய்ப் பார்த்தான். "பழைய காலத்து ஆளுங்க இப்படியா இருந்தாங்க? தார்யை, உங்க தாத்தா வீட்டுல என்ன பண்ணுவார்?"

"பின்னுவார். மீன்பிடிக் கப்பல்ல கத்துக்கிட்டது. இந்த ஸ்வெட்டர் அவர் பின்னினதுதான்."

"கழுத்துப் பட்டை அழகா வந்திருக்கு," என்றார் குன்வோர்.

கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. 'கண்ணு இருட்டுது.'

"சரி, ஒண்ணு பண்ணுவோம்," என்றான் ஒட்வார் அவசரமாக. "பசங்க இந்தப் பக்கம், பொண்ணுங்க அந்தப் பக்கம்."

யாரும் எழுந்திருக்கவில்லை.

"எதுக்கு?" என்று கேட்டாள் சுன்னிவா. கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருப்பவள்.

"சும்மா, ஒப்பிட்டுப் பார்க்கத்தான்."

"பாலர் பள்ளியிலேயே இதை விட்டுட்டாங்களே."

குன்வோரின் புருவம் மெல்ல ஏறியது. ஒட்வாரின் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. பிள்ளைகளிடம் இல்லாத தப்பைத் தானே எடுத்துக்கொடுத்தால்தான் உண்டு என்று தோன்றியது. குரலை உயர்த்தினான்.

"நிஜமா சொல்லுங்க. எரியற வீட்டுக்குள்ள போய் ஒரு ஆளைத் தோள்ல தூக்கிட்டு வரணும். அதெல்லாம் பொம்பளைங்களால ஆகிற காரியமா?"

சாமான் அறைக் கதவு திறந்தது. வெந்த நண்டின் நிறத்தில் தோர்திஸ் நின்றாள்.

"இதைக் கேக்கத்தான் என்னை அங்க வேக வெச்சீங்களா?" என்றாள்.

"இல்லைங்க, அது வந்து, பயிற்சிக்காக..."

அவன் முடிப்பதற்குள் தரை தலைக்கு மேலே போயிருந்தது. ஒட்வாரை மூட்டைபோலத் தோளில் போட்டுக்கொண்டு தோர்திஸ் மன்றத்தை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். தலைகீழாகக் குன்வோரைக் கடந்தபோது அவருக்கு ஒரு வணக்கம் வைக்கலாமா என்றுகூட ஒட்வார் யோசித்தான்.

நாற்காலியில் இறக்கி வைத்ததும் ஒட்வார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "மன்னிச்சிடுங்க குன்வோர். இந்தப் பிள்ளைங்க மனசுல தப்பா ஒண்ணுமே இல்ல. எனக்கு இங்க வேலையும் இல்ல," என்றான்.

"தப்பான நினைப்பு ஒண்ணே ஒண்ணு வெளியில வந்திருந்தாலும் பேச ஆரம்பிச்சிருக்கலாம். உங்க வேலைக்கு நானும் சரின்னு சொல்லியிருப்பேன்," என்ற குன்வோர், பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "ஆனா எல்லாரும் ஒரே மாதிரி வரைஞ்சிருக்கீங்களே. நிஜமாவே மனசுல தோணினதா?"

சுன்னிவா காலணி நுனியைப் பார்த்தாள். "இல்ல. இந்தப் பயிற்சியை இணையத்துல பார்த்துட்டோம். இன்னிக்கு சரியா நடக்கலேன்னா வேலை போயிடும்னு ஒட்வார் ஃபோன்ல யார்கிட்டயோ சொல்லிட்டிருந்தார். அதான் தப்பு வராம வரைஞ்சோம். ரெண்டு நாள் ஒத்திகைகூடப் பார்த்தோம்."

ஒட்வார் இரட்டைப் பின்னல் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"இவருக்கு முன்னாடி சிக்ரூன் இருந்தாங்களே," என்றார் குன்வோர். "அவங்களுக்கும் இப்படித்தான் ஒத்திகை பார்த்தீங்களா?"

"அவங்களுக்கு எதுக்கு?" என்றான் தார்யை. "அவங்க பொம்பளை, தானா சமாளிச்சுக்குவாங்க. பிள்ளைங்களை வெச்சு மேய்க்கிறதெல்லாம் ஆம்பளைங்களுக்கு எங்க வரும், பாவம், நாமதான் பார்த்துக்கணும்னு முடிவு பண்ணினோம்."