பொதுமக்கள் கருத்தரிக்கும் கூட்டம்

வாட்ஸப்பில் மற்றவர்களின் எழுத்துப் பிழையைத் திருத்துகிறவனை ஊர் ஒருநாளும் மன்னிக்காது. அனுபவத்தில் சொல்கிறேன். பெரியம்மா 'வாழ்த்துகல்' என்று போட்டால், பிறந்தநாள்காரனை வாழ்த்துமுன் பெரியம்மாவின் ளகரத்தைத் திருத்துகிற ஆளாக இருந்தேன். (இப்போது நினைத்தால் எனக்கே என்னைப் பிடித்து நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.)

அந்த நேரம் கொழும்பில் ஒரு புதிய சுகாதாரச் சட்டமூலம் தயாராகிக்கொண்டிருந்தது. சின்ன ஆஸ்பத்திரிகளின் பிரசவ விடுதிகளை மூடிவிட்டு எல்லோரையும் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று அதில் ஒரு பிரிவு. எங்கள் ஊர் விடுதியும் அதற்குள் அகப்பட்டுக்கொண்டது. மக்களிடம் கேட்டார்களாம். கேட்டது ஆங்கிலத்தில், ஏதோ ஒரு இணையத்தளத்தின் மூலையில். ஒருவரும் பதில் எழுதாததால் 'ஆட்சேபனை இல்லை' என்று முடிவு கட்டிவிட்டார்கள். நாங்கள் சண்டை பிடித்த பிறகுதான் ஒரு குழு நேரில் வந்து கேட்கச் சம்மதித்தது. இந்தமுறையும் சனம் வராவிட்டால் விடுதிக்குப் பூட்டுத்தான்.

அக்காவுக்கு அப்போது ஏழு மாதம். மூத்தவனைப் பெறப் போனபோது விடுதி திருத்த வேலைக்காகப் பூட்டியிருந்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஓட்டோவுக்குள்ளேயே பெறப் பார்த்தவள்.

"டேய், சனத்தைச் சேர். இல்லாட்டி உவனுக்கு ஓட்டோ எண்டுதான் பேர் வைப்பன்" என்று வயிற்றைத் தடவிக்கொண்டு சொன்னாள்.

கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர் நான்தான். கோப்பாய்ச் சந்தியில் மோட்டார்சைக்கிளை நிறுத்தி, அறிவித்தலைக் கைபேசிக்கு வாயால் சொன்னேன். 'பொதுமக்கள் கருத்தறியும் கூட்டம்' என்று றகரத்தை நல்ல அழுத்தமாகத்தான் சொன்னேன். அந்தச் சனியனுக்கு அது விளங்கவில்லை. வாசித்துப் பார்க்காமல் எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினேன், பதாகை அடிக்கிற கடை உட்பட.

சனிக்கிழமை காலை சனசமூக நிலைய வாசலில் பதாகை தொங்கியது:

'பொதுமக்கள் கருத்தரிக்கும் கூட்டம். ஆண், பெண் இருபாலாரும் தவறாது சமூகமளிக்கவும். வயதெல்லை இல்லை. தேநீர் வழங்கப்படும்.'

என் பிழையை ஒருவரும் எனக்குத் திருத்திச் சொல்லவில்லை. ஊரே திரண்டு வந்திருந்தது. வீட்டில் மருமகனோடு கதையாத மாமிமார் கூட அவரோடு ஒரே ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். பக்கத்து வீட்டுக் கந்தையா அண்ணை, எழுபது தாண்டியவர், சால்வையோடு முன்வரிசையில் இருந்தார்.

"என்ரை வயசிலையும் அரசாங்கம் நம்பிக்கை வைச்சிருக்கு, பாத்தியே" என்றார்.

பதாகையைக் கழற்ற ஏணி தேடி ஓடினேன். அப்போது ஒரு பெண் வழிமறித்தாள். மானிப்பாயிலிருந்து கணவனோடு வந்தவளாம். கையில் வைத்தியப் பரிசோதனைக் கோப்பு.

"தம்பி, பேர் எங்கை பதியிறது?"

அவள் மற்றவர்களைப்போலப் பகிடிக்கு வரவில்லை; பிள்ளைப்பேற்றுக்கான சிகிச்சை முகாம் என்று நம்பி வந்திருக்கிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நடந்ததை ஒருமாதிரிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கோப்பை மூடிக் கைப்பைக்குள் வைத்தாள்.

"பரவாயில்லை. வந்தது வந்தம், கதைச்சிட்டே போறம்" என்றாள்.

கூட்டத்தில் முதலில் எழுந்ததும் அவள்தான். "எட்டு வருசமாக் கொழும்புக்கு அலையிறம். இஞ்சை எங்களுக்கு ஒரு கிளினிக் இல்லை. பெறுற இடத்தை மூட எழுதத் தெரிஞ்ச உங்களுக்கு, பிள்ளை இல்லாத ஆக்களைப் பற்றி ஒரு வரி எழுதத் தெரியேல்லையோ?"

சிரிக்க வந்த சனம் அடங்கிப்போனது. அடுத்து அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அதற்குப் பிறகு ஒருவரையும் இருத்த முடியவில்லை. கந்தையா அண்ணை கூடத் தன் பேத்திக்காக மேசையில் குத்திக் கதைத்தார்.

குழுத் தலைவி சிங்களப் பெண்மணி. 'மற்ற ஊர்களில் நாலு பேர்கூட வரவில்லையே, எப்படி இவ்வளவு பேரைச் சேர்த்தீர்கள்?' என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். அந்த மனிதர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமிக்கொண்டிருந்தார். "விழிப்புணர்வு" என்றேன் நான். தலைவி மகிழ்ந்துபோய் என்னைப் பதாகையின் கீழ் நிறுத்திப் படம் எடுத்தார்.

விடுதி தப்பியது. கிளினிக் இன்றுவரை 'பரிசீலனையில்'தான் இருக்கிறது. முழு அறிக்கையையும், வெளிப்படைத்தன்மை என்று, மூன்று மொழியிலும் இணையத்தில் போட்டார்கள். முகப்பில் நான், என் பெயர், தலைக்கு மேல் அந்தப் பதாகை. எனக்குப் பெண் பார்த்தபோது, மாமனார் என் பெயரைத் தேட, முதலில் வந்ததே அதுதான். (பொறுப்பான பொடியன் என்று நினைத்தாராம்.)

எங்கள் மகள் அதே விடுதியில்தான் பிறந்தாள். பிள்ளையைக் கொண்டுவந்து தந்த மருத்துவமாது என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"கூட்டம் போட்டவர் நீங்கள்தானே? அண்டைக்குக் கருத்து மட்டுந்தான் வந்தது. கரு வர இவ்வளவு காலம் எடுத்திருக்கு!"

அந்தக் கூட்டத்தில் நிறைவேறியவள் என்று, வீட்டில் இன்றைக்கும் மகளுக்குச் செல்லப் பெயர் 'தீர்மானம்'.