எஞ்சின் முளைத்த தோணிகள்

இல்லாத ஒன்றை இல்லை என்று விட்டுவிட ஒரு மனிதருக்கு ஏன் இவ்வளவு பயம்?

மேர்வினை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இராது. ஆனால் அவர் தனியாள் அல்லர், ஓர் இனம். வெற்றுக் கட்டம் பொறுக்காத இனம். கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரை காலியாக இருந்தால் தங்கள் பையையாவது அதில் இருத்துவார்கள். பேச்சில் ஒரு மௌனம் விழுந்தால் மழையைப் பற்றியாவது சொல்லி அதை அடைப்பார்கள். கைத்தொலைபேசிச் செயலி செய்யக் கொடுத்தால், உங்கள் வீடு எத்தனையாவது மாடி என்று கேட்டு, மாடியே இல்லாத கரடியனாற்றுக் கிராமத்து வீட்டுக்காரரையும் ஓர் இலக்கம் அழுத்தும்வரை விடமாட்டார்கள். இன்மையையும் அறியத்தக்க ஒரு பொருளாக வைத்து வாதாடிய பழைய தர்க்கக்காரர்கள் உண்டு. மேர்வின் அவர்களைச் சிவப்பு எழுத்தில் 'இது கட்டாயம்' என்று காட்டி வாசலிலேயே நிறுத்தியிருப்பார்.

வாவிக்கரை மீனவர் சங்கம் ஒன்றின் கணினிப் பதிவுகளுக்கு இவர்தான் பொறுப்பு. படகும் தோணியும் ஒரே அட்டவணை. எஞ்சின் எண்ணுக்கு ஒரு கட்டம். எஞ்சின் இல்லாமல், சவள் என்னும் துடுப்புப் போட்டுப் போகும் தோணிகளுக்கு அது வெறுமையாகக் கிடந்தது. ஒழுங்காகத்தான் கிடந்தது. புதுப் படகுகள் நீளமான எண்களோடு வந்தபோது, கட்டத்தைக் கொஞ்சம் அகலமாக்க வேண்டியிருந்தது. அகலமாக்கினால் போதாதா? இப்படியான அமைப்பு மாற்றத்தைக் கணினி நிரலாக எழுதி ஓடவிடுவதைக் கணினிக்காரர்கள் மைக்கிரேசன் என்பார்கள். மேர்வின் அந்த மைக்கிரேசனிலேயே 'வெறுமையாக விடக்கூடாது' என்றொரு நிபந்தனையையும் சேர்த்தார். தரவுத்தளம் மறுத்தது: ஏற்கெனவே வெறுமைகள் உண்டு. யோசிக்கும் ஆள் இங்கே யோசிப்பார். மேர்வின் எல்லா வெறுமைக்கும் பூச்சியம் போட்டார். மறுபடியும் மறுப்பு. ஒரே எண் இரண்டு இடத்தில் வரக்கூடாது என்று முன்பு அவரே போட்ட நிபந்தனை. அதை எடுப்பாரா? தோணிக்கொரு எஞ்சின் எண்ணைக் கற்பனையாய் உண்டாக்கிக் கொடுக்கும் சில வரிகளை எழுதினார். பச்சை எழுத்தில் 'முடிந்தது' என்று வந்தது. அவர் நிம்மதியாகப் பிளேன்ரீ குடித்தார்.

இறால் பிடிக்கும் இடங்களில் எஞ்சின் ஓடக்கூடாது என்பது சங்கத்தின் விதி. எஞ்சின் எண் இருக்கிறதா என்று பார்த்து அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் கணினி. இறால் வரும் காலம் தொடங்க, சவள்காரர் எல்லாருக்கும் மறுப்பு வந்தது. முதலில் வந்து நின்றவர் யோசேப். வாவியைத் தவிர வேறு தொழில் இல்லாதவர். இந்தப் பருவம் தவறினால் அவருக்கு அந்த வருடமே தவறியதுதான்.

"தம்பி, என்ட தோணிக்கு எஞ்சின் இருக்காம். எங்க கிடக்கெண்டு ஒருக்கா காட்டுங்க. தோள்மூட்டு தேயத் தேயச் சவள் போட்டுத் திரியிறன்."

"சிஸ்டத்தில நம்பர் விழுந்திருக்கே, யோசேப் அண்ணன்."

"அப்ப சிஸ்டத்தத் தூக்கி வாவிக்குள்ள விடுங்க. ஓடுதா எண்டு பாப்பம்."

சங்கச் செயலாளர் ஞானமணி தலை நிமிர்த்தாமல் கேட்டார்: "மறுகா பழையபடி வைக்க ஏலாதா, மேர்வின்?"

"ஏலும் அக்கா. ஆனா கட்டம் வெறுமையாக் கிடக்குமே."

"கிடக்கட்டுமே. அவர்ட தோணியிலயும் அந்த இடம் வெறுமையாத்தானே கிடக்கு."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. போன வாரம் ஏறாவூரில் ஒருவர் உங்களிடம் வழி கேட்டபோது, தெரியாது என்றா சொன்னீர்கள்? "நேராப் போய் வலப்பக்கம் கிறுகுங்க" என்று கை காட்டினீர்கள் அல்லவா? அந்த மனிதர் இன்னும் எங்கோ கிறுகிக்கொண்டிருக்கிறார்.

மேர்வினைப் பாராட்ட எனக்கு அவசரமில்லை. ஆனாலும் நடந்ததைச் சொல்லவேண்டும். அன்று மத்தியானமே அவர் இன்னொரு மைக்கிரேசன் எழுதினார்: எஞ்சின் எண் வெறுமையாக இருக்கலாம்; கற்பனை எண்கள் எல்லாம் அழியும். எழுதி முடித்து, ஓடவிடும் விசையில் விரலை வைத்தார். எடுத்தார். கதிரையை விட்டு எழும்பி, யோசேப்பை அதில் இருத்தி, "இத நீங்க அழுத்துங்க" என்றார்.

யோசேப் அழுத்தினார். அனுமதி வந்தது.

ஏன் அவரை அழுத்த வைத்தாய் என்று ஞானமணி பல தடவை கேட்டுப் பார்த்தார். அதற்கு மட்டும் மேர்வின் ஒன்றையும் இட்டு நிரப்பவில்லை.