நீலச்சுடர் கையை இறக்கும் வரை

ஓசூர் தொழிற்பேட்டையில் இருக்கிற கிரேன்கள் எல்லாம் சேர்ந்து இழுத்தாலும் கிரேன் பாயின் நம்பிக்கையை ஓர் அங்குலம் நகர்த்த முடியாது. இருபத்திரண்டு வருஷம் அவர் மேலே கிரேன் கூண்டில், நான் கீழே. அவருடைய கொக்கியில் சங்கிலி மாட்டி, கையால் சைகை காட்டுவதுதான் என் வேலை. அங்கே இருக்கிற சத்தத்தில் பேச்சு எடுபடாது. விரலை உயர்த்திச் சுற்றினால் தூக்கு, உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் இறக்கு. பள்ளிக்கூடம் போகாத எனக்குப் பிழையில்லாமல் வருகிற பாஷை அது ஒன்றுதான்.

மத்தூரிலிருந்து நான் இந்த வேலைக்கு வந்தது தனிக் கதை. அதில் ஒரு மாங்காய் லாரியும் கோபக்கார மாமனாரும் உண்டு. இப்போது வேண்டாம்.

பாய்க்கு உயிர் ‘நீலச்சுடர்’. இந்தியிலிருந்து தமிழுக்கு மாற்றி ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் போட்ட தொடர். நீல உடுப்புக்காரன் ஒருவன் விரலை உயர்த்தி மூன்று சுற்றுச் சுற்றுவான். சொய்யென்று வானத்துக்குப் போய்விடுவான். திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் பாய் எழுந்து நின்று முழுக் கதையும் சொல்வார். எங்களுக்குத் தமிழில், வேப்பனப்பள்ளிக்காரர்களுக்குத் தெலுங்கில், டிரைவருக்குக் கன்னடத்தில். சண்டைக் கட்டம் வந்தால் மூன்றும் கலந்துவிடும். கேட் வந்த பிறகும் ஒருவரும் இறங்கமாட்டோம்.

ஓர் ஆயுத பூஜை. பெரிய இரும்பு அச்சு ஒன்றைக் கழுவி, மாலை போட்டு, கொக்கியில் மாட்டித் தரையில் வைத்திருந்தோம். அதன்மேல் பொரி, வாழைப்பழம், எரிகிற சூடம். புது சூப்பர்வைசரும் நீலச்சுடர் ரசிகர் என்பது அன்றுதான் தெரிந்தது. மேலே இருந்த பாயைப் பார்த்துச் சிரித்து, விரலை உயர்த்தி மூன்று சுற்றுச் சுற்றினார்.

அச்சு கிளம்பிவிட்டது. பொரி மழையாகக் கொட்டுகிறது. சூடம் எரிந்தபடி கூரைக்குப் போகிறது. பூசாரி மணியடிப்பதை மறந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் அண்ணாந்து கும்பிட்டோம்.

“யோவ் பாய், என்னய்யா பண்றீரு?” என்று சூப்பர்வைசர் அலறினார்.

“நீங்கதான சார் சிக்னல் குடுத்தீங்க!”

“அது நீலச்சுடர் வணக்கம்யா!”

“தெரியுது சார். ஆனா கொக்கியில சரக்கு இருக்குதே. தூக்குன்னா தூக்கித்தான ஆவணும்?”

அந்த வருஷமே தொடர் நின்றுபோனது. கடைசியாக வந்த பாகத்தில், இடிகிற அணையை நீலச்சுடர் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நிற்கிறான். ‘தொடரும்’ என்று போட்டார்கள். தொடரவில்லை.

“முடிஞ்சுபோச்சு பாய், வேற எதனா பாருங்க” என்றேன்.

முறைத்தார். “ஏன்டா அந்தோணி, சரக்கு தொங்குறப்ப எவனாச்சும் கிரேன வுட்டு எறங்குவானா? வருவானுங்க. வந்து எறக்கி வெச்சே ஆவணும்.”

வெறும் வாய்ப்பேச்சில்லை. ஒருமுறை ஐந்து டன் அந்தரத்தில் நிற்கும்போது கரண்ட் போய்விட்டது. ஷிப்ட் முடிந்தது. பஸ்ஸும் போயிற்று. பாய் இறங்கவில்லை. நான் கயிற்றில் டீயைக் கட்டி மேலே அனுப்பினேன். சாயங்காலம் கரண்ட் வந்து, சரக்கைத் தரையில் வைத்த பிறகுதான் ஏணியில் கால் வைத்தார். கீழே வந்த மனுஷரை அடுத்த ஷிப்ட்காரர்களும் நானும் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம்.

இப்போது இருவருக்கும் வேலை முடிந்துவிட்டது. பழைய பாகங்கள் செல்போனில் கிடைக்கின்றன. பாய் முதலிலிருந்து பார்ப்பார். அணை வந்ததும் மறுபடி முதல் பாகம். பதினோராவது சுற்று நடக்கிறது. திரும்ப எடுக்கப்போகிறார்கள் என்று வருஷத்துக்கு இரண்டு தடவையாவது செய்தி வரும். உடனே எங்களையெல்லாம் பிரியாணிக்கு அழைத்துவிடுவார். செய்தி பொய்யாகிவிடும். பிரியாணி மட்டும் ஒருமுறைகூடப் பொய்யானதில்லை.

போன மாதம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஓடினேன். மூக்கில் குழாய், கையில் போன்.

“எப்டி இருக்கீங்க பாய்?”

“நான் கெடக்கட்டும் வுடு. அந்தப் புள்ளைக்குக் கை வலிக்காதாடா? எத்தினி வருசமா தாங்கிக்கினு நிக்கிறான்! அவன் எறக்கி வெக்கிறத நான் பாக்கணும். அதுக்குள்ள அல்லா என்னைக் கூப்பிட்டுக்கக் கூடாது.”

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை.

போன ஞாயிறு மாதா கோயிலில், நீலச்சுடர் சீக்கிரம் வரவேண்டும் என்று மெழுகுவத்தி ஏற்றினேன். என்ன வேண்டுதல் என்று ஃபாதர் கேட்டார்.

“குடும்ப விசயங்க ஃபாதர்” என்றேன்.